மூலிகைச் சாறும் புற்றுநோய்ச் செல்லும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து புற்றுநோய் மருந்து வந்த வரலாற்றை எழுதியிருந்தோம். அதைப் படித்த மாணவர்கள், ஆசிரியர்கள், நோயாளிகளின் வீட்டார் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆய்வகத்தில் கைவேலை பார்ப்பவர்களின் கேள்விகள்தான் அதிகம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக நிலவேம்பு இலைச் சாற்றை எம்.சி.எஃப்-7 மார்பகப் புற்றுச் செல்களில் சோதிக்கப் போகிறேன். இலை பறிப்பதில் தொடங்கி பிளேட்டில் சேர்ப்பது வரை, அளவுகளோடு சொல்ல முடியுமா?
– முதுநிலை மாணவி, நாமக்கல்

முதலில் செடி எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நிலவேம்பு, சிறியாநங்கை, பெரியாநங்கை என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் மாறிப் புழங்குகின்றன. பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்திலோ திருச்சி ராபினட் ஹெர்பேரியத்திலோ கொடுத்து, தாவரப் பெயருக்கான சான்றையும் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய பொடியில் செய்த சோதனைக்கு இந்த அடித்தளமே இல்லை. பின்னால் யாரும் அதைத் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

இலையை நிழலில், கையால் நொறுங்கும் பதம் வரை உலர்த்துங்கள். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையின் நச்சும் செல்லைக் கொல்லும், பழியோ புகழோ இலைக்குப் போய்ச் சேரும். 100 கிராம் பொடிக்கு 1 லிட்டர் மெத்தனால் ஊற்றி, மூடிவைத்து அவ்வப்போது குலுக்கி, மூன்று நாள் ஊறவிட்டு வடிகட்டுங்கள். அதே சக்கையில் இன்னும் இரண்டு முறை புது மெத்தனால் ஊற்றி எடுத்து, மூன்றையும் ஒன்றாகச் சேருங்கள். சாக்ஸ்லெட்டில் வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கொதிக்கும் கரைப்பானில் பல மணி நேரம் சுழலும்போது சூடு தாங்காத பொருள்கள் சிதைந்துவிடும். முதல் சோதனைக்கு ஊறவைப்பதே நல்லது.

ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவையுங்கள். பசை மாதிரி வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குள் மெத்தனால் தங்கியிருக்கும். வாக்குவத்தில் வைத்து, அடுத்தடுத்து இரண்டு முறை எடை போட்டாலும் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்த வேண்டும். கிடைத்த எடையைப் பொடியின் எடையோடு சதவீதமாக எழுதிவையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது இந்த எண் பெரிதாக மாறினால் எங்கோ தவறு என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

இனி ஸ்டாக், அதாவது பிறகு நீர்த்துப் பயன்படுத்தும் அடர்கரைசல். 100 மில்லிகிராம் சாற்றை 1 மில்லி லிட்டர் டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு) என்ற கரைப்பானில் கரையுங்கள். கரையாத கசடு இருந்தால் சோனிக்கேட்டரில் பத்து நிமிடம் வைத்து, பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பாருங்கள். அடியில் கசடு நின்றால் உங்கள் ஸ்டாக் 100 மில்லிகிராம் அல்ல, அதற்குக் குறைவு. அந்தக் கசடைக் காயவைத்து எடை போட்டுக் கழியுங்கள், அல்லது 50 மில்லிகிராமாகத் தளர்த்திக் கரையுங்கள். வடிகட்ட வேண்டுமென்றால் செல்லுலோஸ் நைட்ரேட் சவ்வு வேண்டாம், டி.எம்.எஸ்.ஓ. அதைக் கரைத்துவிடும். நைலான் அல்லது பி.டி.எஃப்.இ. சவ்வு தாங்கும். சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். டி.எம்.எஸ்.ஓ. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்பதால் ஒரே குப்பியைத் திரும்பத் திரும்பத் திறக்காதீர்கள்.

நீர்த்தலைச் செல் வளர்க்கும் திரவமான மீடியத்தில் செய்யாமல் டி.எம்.எஸ்.ஓ.விலேயே செய்யுங்கள். 100, 50, 25, 12.5, 6.25, 3.125, 1.56 மில்லிகிராம் என ஏழு குழாய்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 4 மைக்ரோலிட்டர் எடுத்து 996 மைக்ரோலிட்டர் மீடியத்தில் கலந்தால் மேல் அளவு மில்லி லிட்டருக்கு 400 மைக்ரோகிராம். பிளேட்டின் குழியில் செல்லோடு ஏற்கெனவே உள்ள 100 மைக்ரோலிட்டரோடு இதில் 100 சேர்க்கும்போது அது 200 ஆகும். கீழ் அளவு சுமார் 3. எல்லாக் குழியிலும் டி.எம்.எஸ்.ஓ. ஒரே 0.2 சதவீதம். மீடியத்திலேயே நீர்த்துக்கொண்டு போனால் மேல் அளவுக் குழியில் டி.எம்.எஸ்.ஓ. அதிகமாகவும் கீழ்க் குழியில் குறைவாகவும் இருக்கும். அப்போது செல் செத்தது சாற்றாலா கரைப்பானாலா என்று பிரிக்கவே முடியாது.

96 குழிப் பிளேட்டின் ஓரக் குழிகள் 36ஐயும் சோதனைக்கு எடுக்காமல், பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலை ஊற்றி நிரப்பிவிடுங்கள். ஓரத்தில் நீர் ஆவியாகி மருந்தும் உப்பும் செறிவாகிவிடும். உள்ளே ஆறு வரிசை, பத்து நிரல், மொத்தம் 60 குழி. பத்து நிரல்களில் ஏழு உங்கள் ஏழு அளவுகளுக்கு, ஒன்று டி.எம்.எஸ்.ஓ. மட்டும், ஒன்று எதுவும் சேர்க்காதது, ஒன்று டாக்ஸோரூபிசின் போல ஏற்கெனவே தெரிந்த மருந்து. மேல் மூன்று வரிசையில் செல் போடுங்கள். கீழ் மூன்று வரிசையில் செல் இல்லாமல் மீடியமும் அதே சாறும் மட்டும். பல புராஜெக்ட்களில் இந்தக் கீழ்ப் பாதியே இருப்பதில்லை. அது எதற்கு என்பது அடுத்த பதிலில் வருகிறது.

செல் குழிக்கு 5,000 வீதம், அதாவது மில்லி லிட்டருக்கு 50,000 என்ற கணக்கில், 100 மைக்ரோலிட்டர். முப்பது குழிக்கு 3 மில்லி போதும். வீணாவதற்கும் சேர்த்து 4 மில்லி, 2 லட்சம் செல் தயார் செய்யுங்கள். பைப்பெட்டால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் கலக்கிவிடுங்கள், செல்கள் அடியில் படிந்துவிடும். 24 மணி நேரம் ஒட்ட விட்டுச் சாறு சேர்த்து, 48 மணி நேரம் வையுங்கள். 72 மணி நேரம் என்றால் 2,000 முதல் 3,000 செல் போதும். இல்லாவிட்டால் சாறு சேர்க்காத கன்ட்ரோல் குழியில் இடம் நிறைந்து வளர்ச்சி நின்றுவிடும், வேறுபாடு தெரியாது. சாறு சேர்த்ததும் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். டி.எம்.எஸ்.ஓ.வில் தெளிவாக இருந்தது மீடியத்தில் விழுந்ததும் ஊசியாகவோ துகளாகவோ திரிந்து செல்மேல் படிவது அடிக்கடி நடக்கிறது. எந்த அளவிலிருந்து திரிகிறதோ, அதற்கு மேற்பட்ட எண்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உயிருள்ள செல் எவ்வளவு என்று அளக்க எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயம், உயிருள்ள செல் அதை ஊதாப் படிகமாக்கும். அந்தப் பொடியை மில்லி லிட்டருக்கு 5 மில்லிகிராமாக பி.பி.எஸ்.ஸில் கரைத்து, வடிகட்டி, வெளிச்சம் படாமல் வையுங்கள். குழிக்கு 20 மைக்ரோலிட்டர், 3 முதல் 4 மணி நேரம். பிறகு மீடியத்தைப் பைப்பெட் நுனியால் குழியின் ஓரத்திலிருந்து மெதுவாக எடுங்கள். பிளேட்டைக் கவிழ்த்து உதறினால் ஊதாப் படிகமும் சேர்ந்து போய்விடும். 100 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. விட்டு, பத்து நிமிடம் குலுக்கி, 570 நானோமீட்டரில் அளந்து, 630இல் வரும் அளவைக் கழியுங்கள். ஒவ்வொரு செல் குழியிலிருந்தும் அதே அளவுச் சாறு உள்ள செல் இல்லாக் குழியின் எண்ணைக் கழித்து, டி.எம்.எஸ்.ஓ. நிரலை 100 சதவீதமாக வைத்துக் கணக்கிடுங்கள். வேறு வேறு நாள்களில், வேறு தலைமுறைச் செல்களில் மூன்று முறை செய்தால்தான் அது மூன்று சோதனை. ஒரே பிளேட்டின் மூன்று குழிகள் ஒரு சோதனைதான்.

நெல்லிக்காய்ச் சாற்றில் எம்.டி.டி. செய்தேன். அளவு கூடக்கூட உயிருள்ள செல் 110, 125, 140 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாதிச் செல் உருண்டு மிதக்கிறது. எது உண்மை?
– ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

உங்கள் கண் பார்த்ததுதான் உண்மை. 1983இல் மோஸ்மன் வெளியிட்ட இந்த முறை உயிருள்ள செல்லை நேரடியாக எண்ணுவதில்லை. மஞ்சள் நிற எம்.டி.டி.க்கு எலெக்ட்ரான் கிடைத்தால் அது ஊதா நிற ஃபார்மசானாக மாறும். வழக்கமாக அந்த எலெக்ட்ரானைச் செல்லுக்குள் உள்ள நொதிகள் தருகின்றன. ஆனால் வைட்டமின் சி தரும், டானின் தரும், பாலிஃபீனால்கள் பலவும் தரும். நெல்லிக்காயில் இவை எல்லாம் நிறைந்திருக்கின்றன. செல்லே இல்லாத குழியில் உங்கள் சாற்றையும் எம்.டி.டி.யையும் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். ஊதா நிறம் வந்தால் விடை கிடைத்துவிட்டது.

இதைச் சரிசெய்ய, எம்.டி.டி. சேர்க்கும் முன் சாறு கலந்த மீடியத்தை எடுத்துவிட்டு, பி.பி.எஸ்.ஸால் இரண்டு முறை கழுவி, புது மீடியம் ஊற்றுங்கள். கழுவும்போது மிதக்கும் செல் போய்விடும். அவை பெரும்பாலும் செத்தவை என்றாலும், ஒட்டாமல் வளரும் ரத்தப் புற்றுச் செல்களுக்கு இந்த முறை கூடாது. அவற்றைப் பிளேட்டோடு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி அடியில் இறக்கிய பிறகே மீடியத்தை எடுக்க வேண்டும்.

அதைவிட நல்லது, வேறு தத்துவத்தில் வேலை செய்யும் இரண்டாவது முறை ஒன்றையும் கூடவே செய்வது. எஸ்.ஆர்.பி. (சல்ஃபோரோடமின் பி) முறை செல்லின் புரதத்துக்குச் சாயம் ஏற்றுகிறது. எலெக்ட்ரான் விவகாரமே அதில் இல்லை. குளிர்ந்த 10 சதவீத டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தில் செல்லை ஒரு மணி நேரம் நிலைநிறுத்தி, கழுவிக் காயவைத்து, 1 சதவீத அசெட்டிக் அமிலத்தில் கரைத்த 0.4 சதவீதச் சாயத்தை அரை மணி நேரம் விட்டு, ஒட்டாத சாயத்தை அதே அமிலத்தால் கழுவி, 10 மில்லிமோலார் டிரிஸில் கரைத்து அளக்கலாம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் 60 செல் வகைச் சோதனைக்கு 1990 முதல் நெடுங்காலம் இதைத்தான் பயன்படுத்தியது. இதில் பிளேட்டைக் காயவைத்துவிட்டு அடுத்த நாள்கூட அளக்கலாம் என்பது மின்வெட்டு உள்ள கல்லூரிகளுக்குப் பெரிய உதவி.

நெல்லி போன்ற சாறுகளில் இன்னும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. கேலிக் அமிலமும் தேயிலைப் பாலிஃபீனால்களும் மீடியத்தில் தாமாகவே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கும். செல்லைக் கொல்வது அந்தப் பெராக்ஸைடாக இருக்கலாம். இன்னொரு பிளேட்டில் மில்லி லிட்டருக்கு 100 யூனிட் கேடலேஸ் நொதி சேர்த்துச் செய்யுங்கள். செல் பிழைத்துக்கொண்டால், நீங்கள் கண்டது குழிக்குள் நடந்த வேதிவினை. உடலுக்குள் அது அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது பொறி புளிப்பு. சாறு சேர்த்ததும் மீடியத்தின் சிவப்பு மஞ்சளாகத் திரும்பினால் அமிலம் கூடிவிட்டது. பி.எச். அளவை 7.4க்குக் கொண்டுவந்த பிறகே சோதியுங்கள்.

கே.பி. செல்லை வாய்ப்புற்றுச் செல் என்று எழுதலாமா? எங்கள் துறையில் பல ஆண்டுகளாக அப்படித்தான் எழுதுகிறோம்.
– கல்லூரி விரிவுரையாளர், மதுரை

எழுதக் கூடாது. 1950களில் வாய்ப்புற்றிலிருந்து எடுத்ததாக அது பதிவானது உண்மை. ஆனால் இன்று உலகெங்கும் கே.பி. என்ற பெயரில் வளர்வது ஹீலா. 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த அந்தச் செல் மிக வேகமாக வளரும். எங்கோ ஒரு கட்டத்தில் அது கலந்து, மற்ற செல்களை மூடி வளர்ந்துவிட்டது. ஹெச்.இ.பி-2 என்ற குரல்வளைச் செல்லும் இதே கதைதான். சாங் லிவர் என்பதை ஆரோக்கியமான கல்லீரல் செல் என்று கட்டுரைகளில் ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள், அதுவும் ஹீலாதான். புற்றுச் செல்லையே ஆரோக்கியமான செல்லாக நிறுத்திவிட்டு, சாறு பாதுகாப்பானது என்று முடிவு எழுதுவது எவ்வளவு பெரிய பிழை என்று யோசித்துப் பாருங்கள். மார்பகப் புற்று என்று நம்பப்பட்ட எம்.டி.ஏ-எம்.பி-435 உண்மையில் தோல் மெலனோமா.

செல் வகை ஒவ்வொன்றையும் தொடங்கும் முன் செல் வகைகளின் அடையாளத்தைக் கவனிக்கும் ஐ.சி.எல்.ஏ.சி. என்ற பன்னாட்டு அமைப்பின் தவறாக அடையாளப்பட்ட செல்களின் பட்டியலில் தேடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. செல்லைப் பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்காமல் புனே தேசியச் செல் அறிவியல் மையம் போன்ற இடத்தில் வாங்குங்கள். வந்ததும் சில குப்பிகளைத் திரவ நைட்ரஜனில் சேமித்துவிட்டு, செல்லின் டி.என்.ஏ. அடையாளத்தைக் காட்டும் எஸ்.டி.ஆர். சோதனை ஒன்று செய்யுங்கள். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பி.சி.ஆரில் பாருங்கள். அது மீடியத்தைக் கலங்கச் செய்யாது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிப் போகும். ஆனால் எம்.டி.டி. எண்ணை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிடும்.

என் அம்மாவுக்குக் குடல் புற்று. முள்சீத்தா கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி வாய்ந்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆய்வகத்தில் நிரூபித்திருக்கிறார்கள் என்கிறார்களே. கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

உங்கள் தவிப்பு புரிகிறது. அந்தச் செய்திக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு ஆய்வு இருக்கிறது என்பதால்தான் அதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1996இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் முள்சீத்தாவின் விதையிலிருந்து சில பொருள்களைப் பிரித்தார்கள். அவற்றில் ஒன்றான சிஸ்-அனோனசின், ஹெச்.டி-29 என்ற குடல் புற்றுச் செல்லை பிளேட்டில் தடுப்பதில் கீமோ மருந்தான அட்ரியாமைசினைவிட 10,000 மடங்கு வீரியம் காட்டியது. கவனியுங்கள்: பழமல்ல, இலையல்ல, விதை. அதுவும் சுத்தமாகப் பிரித்த ஒரே ஒரு பொருள். சோதித்தது குழியில் இருந்த செல்லில், மனிதரில் அல்ல. வீரியம் என்றால் குறைந்த அளவே போதும் என்று பொருள். எந்தச் செல்லை விட்டுவைக்கும் என்பதை அந்த எண் சொல்லாது.

அனோனசின் வகைப் பொருள்கள் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் காம்ப்ளெக்ஸ் 1 என்ற இடத்தை அடைக்கின்றன. அது எல்லாச் செல்லிலும் இருக்கிறது, நரம்புச் செல்லில் அதன் தேவை மிக அதிகம். கரீபியன் தீவான குவாடலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக உட்கொள்வோரிடம் பார்க்கின்சன் போன்ற, ஆனால் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத நடுக்குநோய் அதிகம் இருப்பதை 1999இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அம்மாவுக்கு எப்போதாவது ஒரு துண்டுப் பழம் தருவது வேறு. தினமும் இலைக் கஷாயமோ காப்ஸ்யூலோ வேண்டாம். இப்போது நடக்கும் சிகிச்சையை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். வேறு எந்த மூலிகை கொடுத்தாலும் புற்றுநோய் மருத்துவரிடம் பெயரோடு சொல்லிவிடுங்கள். கீமோ மருந்துகளில் பலவற்றைக் கல்லீரல்தான் வெளியேற்றுகிறது. அதே நேரத்தில் வேறொன்றும் கல்லீரலுக்குப் போனால் மருந்தின் அளவு கூடவோ குறையவோ செய்யும்.

ஆய்வு மாணவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவைத் தடுக்கும் சாற்றில் எம்.டி.டி. எண் இறங்குவது செல் செத்ததால் என்று சொல்லிவிட முடியாது. ஃபார்மசான் உண்டாகும் வேகம் குறைந்திருக்கலாம். சீத்தா வகைச் செடிகளுக்கு எஸ்.ஆர்.பி. கட்டாயம்.

எருக்கு இலைச் சாறு ஹீலாவை மில்லி லிட்டருக்கு 2 மைக்ரோகிராமில் பாதியாகக் குறைக்கிறது. எல்-929 ஆரோக்கியச் செல்லை 200 கொடுத்தாலும் ஒன்றும் செய்யவில்லை. தேர்வுத் திறன் (ஆரோக்கியச் செல்லுக்கான அளவைப் புற்றுச் செல்லுக்கான அளவால் வகுத்தது) 100க்கு மேல் என்று கட்டுரை அனுப்பலாமா?
– ஆராய்ச்சி மாணவி, திருநெல்வேலி

கொஞ்சம் பொறுங்கள். எல்-929 சுண்டெலியின் செல். எருக்கில் இருப்பவை இதய கிளைக்கோசைடுகள். செல் சவ்வில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பை அவை அடைக்கின்றன. எலிகளின் பம்பில், மருந்து ஒட்டும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் அது நன்றாக ஒட்டுவதில்லை. எலிச் செல்லைக் கொல்ல மனிதச் செல்லுக்கு வேண்டியதைப் போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு தேவைப்படும். நீங்கள் கண்டது புற்றுச் செல்லுக்கும் ஆரோக்கியச் செல்லுக்கும் உள்ள வேறுபாடு அல்ல, மனிதருக்கும் எலிக்கும் உள்ள வேறுபாடு. செவ்வரளி, மஞ்சள் அரளிச் சாறுகளிலும் இதே பொறிதான்.

எம்.ஆர்.சி-5, டபிள்யூ.ஐ-38 போன்ற மனித நுரையீரல் ஃபைப்ரோபிளாஸ்ட்டிலோ மனிதத் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட்டிலோ திரும்பச் செய்யுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருந்தால் ரத்த லிம்போசைட்டும் ஆகும். வீரோ குரங்குச் செல் என்பதால் எலியைவிடப் பரவாயில்லை. இரண்டு செல்லுக்கும் ஒரே நேர அளவு, ஒரே சீரம் சதவீதம் வையுங்கள். மெதுவாக வளரும் ஆரோக்கியச் செல்லைக் குழி நிரம்பப் போட்டு, வேகமாக வளரும் புற்றுச் செல்லைக் குறைவாகப் போட்டால், வளர்ச்சியைத் தடுக்கும் எந்தச் சாறும் ஆரோக்கியச் செல்லை விட்டுவைப்பது போலத் தோன்றும். எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் கருவிழி வீங்கும், கண்ணாடி போடாமல் எடுக்காதீர்கள்.

எங்கள் ஐ.சி.50 மதிப்பு, அதாவது செல்லைப் பாதியாகக் குறைக்கும் அளவு, மில்லி லிட்டருக்கு 250 மைக்ரோகிராம். இது நல்ல முடிவா?
– பி.ஃபார்ம். மாணவர்கள், சேலம்

புற்றுநோய்க்கு எதிரானது என்று சொல்லும்படியான முடிவு இல்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தாவரச் சோதனைத் திட்டத்தை ஒட்டிப் பலரும் கடைப்பிடிக்கும் வரம்பு, கச்சாச் சாற்றுக்கு மில்லி லிட்டருக்கு 20 மைக்ரோகிராம், சுத்தப் பொருளுக்கு 4. உடலோடு பொருத்திப் பாருங்கள். ஒருவரின் ரத்த பிளாஸ்மா சுமார் 3 லிட்டர். அதில் 250 மைக்ரோகிராம் செறிவு வர வேண்டுமென்றால் 750 மில்லிகிராம் சாறு முழுவதும், குடலில் சிதையாமல், கல்லீரலில் மாறாமல், ஒரே நேரத்தில் ரத்தத்தில் நிற்க வேண்டும்.

மஞ்சளில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2001இல் வெளியான தைவான் ஆய்வில் நாளுக்கு 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில் உச்ச அளவு சராசரியாக 1.77 மைக்ரோமோலார், அதாவது மில்லி லிட்டருக்கு 0.65 மைக்ரோகிராம். பிளேட்டில் செல்லைக் கொல்ல வழக்கமாக 10 மைக்ரோமோலாருக்கு மேல் தேவைப்படுகிறது. போதாததற்கு, சீரம் இல்லாத நடுநிலைக் கரைசலில் குர்குமின் அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும்.

உங்கள் முடிவை ஒளிக்க வேண்டியதில்லை. இந்தச் செல்லில் இந்தச் சாற்றின் ஐ.சி.50 250, வரம்புக்கு வெகு மேலே என்று எழுதுங்கள், அடுத்தவருக்கு ஒரு வருடம் மிச்சமாகும்.

சேராங்கொட்டை நெய்யை அப்படியே செல்லில் சோதிக்க முடியுமா? நெய் மீடியத்தில் கலக்கவே மாட்டேன் என்கிறது. பற்பங்களையும் சோதிக்கலாமா?
– சித்த மருத்துவ மாணவர், யாழ்ப்பாணம்

அப்படியே முடியாது. மேலே மிதக்கும் நெய்க்கும் அடியில் ஒட்டியிருக்கும் செல்லுக்கும் தொடர்பே இருக்காது. ட்வீன் என்ற சோப்புப் போன்ற பொருளைப் போட்டுக் குழம்பாக்கினால் ட்வீனே செல் சவ்வைக் கிழிக்கும். 10 கிராம் நெய்யை 50 மில்லி ஹெக்சேனில் கரைத்து, 50 மில்லி 90 சதவீத மெத்தனாலோடு பிரிபுனலில் மூன்று முறை குலுக்கி, மெத்தனால் அடுக்கை வற்றவைத்துச் சோதியுங்கள். கொட்டையின் பீனால்களுக்கு நீண்ட கொழுப்பு வால் இருப்பதால் ஒரு பகுதி ஹெக்சேனிலும் தங்கும். அதையும் எறியாமல் தனியாகச் சோதியுங்கள். கொட்டை சேர்க்காமல் அதே பக்குவத்தில் காய்ச்சிய வெறும் நெய்யை இதே வழியில் பிரித்துக் கன்ட்ரோலாக வைக்க வேண்டும். சுத்தி (நச்சு நீக்கும் பக்குவம்) செய்யாத கொட்டையை வாங்கி மெத்தனாலில் ஊறவைத்துவிட்டு, சித்த மருந்தைச் சோதித்தோம் என்று எழுதும் வழக்கம் வேண்டாம். சுத்தி முறை வேதிப்பொருளையே மாற்றுகிறது. கொட்டையின் எண்ணெய் பட்ட இடம் கொப்புளிக்கும். நைட்ரைல் கையுறை இரட்டையாகப் போடுங்கள், டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்த பிறகு இன்னும் கவனம், அது தோலுக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

பற்பங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். துகள் செல்மேல் படிந்து மூச்சடைப்பதும் உலோக அயனி கொல்வதும் பிளேட்டில் ஒன்றுபோலத் தெரியும். உலோக அளவு தெரியாமல் அந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

கட்டணம் கொடுத்து வெளி ஆய்வகத்தில் எம்.டி.டி. செய்யச் சொல்கிறோம். ஐந்து அளவும் ஒரு கிராஃபும் போட்ட தாள் வருகிறது. வேறு எதைக் கேட்டு வாங்க வேண்டும்?
– முனைவர் பட்ட மாணவர், ஈரோடு

குழிவாரியான ஓ.டி. (ஒளி உறிஞ்சும் அளவு) எண்கள் அத்தனையும், எக்செல் கோப்பாக. செல் எங்கிருந்து வந்தது, எத்தனையாவது பாசேஜ் (வளர்ப்புத் தலைமுறை), கடைசி மைக்கோபிளாஸ்மா சோதனைத் தேதி. டி.எம்.எஸ்.ஓ. சதவீதம். செல் இல்லாச் சாற்றுக் குழியின் எண். அதே பிளேட்டில் வைத்த தெரிந்த மருந்தின் ஐ.சி.50. இவை இல்லாமல் பணம் கட்டாதீர்கள். ஐ.சி.50ஐ நேர்க்கோடு போட்டுக் கணக்கிட்டிருந்தால், அளவை லாக் ஆக்கி நான்கு அளவுரு வளைவில் நீங்களே திரும்பப் போடுங்கள். கிராஃபில் 50 சதவீதத்தைத் தொடவே தொடாத வளைவுக்கு ஐ.சி.50 இல்லை; கோட்டை நீட்டிக் கண்டுபிடித்த எண் கற்பனை.

நல்ல ஐ.சி.50 வந்துவிட்டது, 12 மைக்ரோகிராம். அடுத்து நேராக எலியில் போகலாமா?
– உதவிப் பேராசிரியர், சிதம்பரம்

இன்னும் வேண்டாம். முதலில் செல் எப்படிச் சாகிறது என்று பாருங்கள். சாறு சேர்த்த ஒரு மணி நேரத்திலேயே செல் வெடித்திருந்தால் பெரும்பாலும் காரணம் சபோனின், செல் சவ்வை உடைக்கும் சோப்புப் போன்ற தாவரப் பொருள். ரத்தச் சிவப்பணுவை 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள், அதையும் உடைத்தால் அந்தப் பாதை வேண்டாம். செல் சாகும் வழியைக் காட்டும் அனெக்ஸின் வி, பி.ஐ. சாயங்களோடு ஃப்ளோ சைட்டோமீட்டரில் 6, 12, 24 மணி நேரத்தில் எடுங்கள். 48 மணி நேரத்தில் எல்லாமே செத்த செல்லாகத் தெரியும், வழி தெரியாது. பிறகு சாற்றை ஹெக்சேன், எத்தில் அசெட்டேட், பியூட்டனால், நீர் எனப் பிரித்து ஒவ்வொன்றையும் அதே பிளேட்டில் சோதித்து, வீரியம் போகும் பக்கமாகவே போங்கள். எத்தில் அசெட்டேட் பகுதியில் 12லிருந்து 2 ஆக இறங்கினால் சரியான பாதை. எல்லாப் பகுதியிலும் 50க்கு மேல் போனால், பொருள் சிதைந்திருக்கலாம் அல்லது இரண்டு பொருள் சேர்ந்து வேலை செய்திருக்கலாம். பகுதிகளைத் திரும்பக் கலந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்த்து, ஏற்கெனவே தெரிந்த பொருளா என்று தேடுங்கள். பல செடிகளில் ஏற்கெனவே கண்ட உர்சோலிக் அமிலத்தை மூன்று வருடம் கழித்து மறுபடி கண்டுபிடிப்பதில் பயனில்லை.

பொறுமை வேண்டிய வேலை இது. பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்தார்கள். அதிலிருந்து பிரித்த புற்றுநோய் மருந்தான டாக்ஸாலின் அமைப்பை வானி, வால் என்ற வேதியியலாளர்கள் 1971இல் வெளியிட்டார்கள். அது செல்லின் மைக்ரோடியூபுலை உறையச் செய்கிறது என்று சூசன் ஹார்விட்ஸ் 1979இல் காட்டினார். மருந்தாக அனுமதி 1992இல். நித்தியகல்யாணியில் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். எனவே எலிக்குப் போகும் முன் இன்னொரு கணக்கும் போடுங்கள்: உங்கள் பொருள் ஒரு கிராமுக்கு எவ்வளவு இலை, அந்தச் செடி அவ்வளவு எங்கே இருக்கிறது?

தெரிந்த புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினைக் கன்ட்ரோலாக வைத்தோம், செல் சாகவே இல்லை. மருந்து பழையதா?
– ஆய்வக உதவியாளர், புதுச்சேரி

டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்திருப்பீர்கள். அதன் கந்தக அணு பிளாட்டினத்தோடு ஒட்டி மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். 0.9 சதவீத உப்புநீரில், மில்லி லிட்டருக்கு 1 மில்லிகிராமாக, வெளிச்சம் படாமல் கரையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் படிகமாகிவிடும், அறை வெப்பத்திலேயே இருக்கட்டும்.